பாறையில் ஷேடு போட்ட எழுத்து

மேல் தோட்டம்
15-11-1979

அண்ணே,

இது நலம் கேட்டு எழுதும் கடிதம் இல்லை. கேட்க மனம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை தேவாரத்திலிருந்து நாங்கள் இருபது பேர் மலை ஏறினோம். சனிக்கிழமை இறங்கி, திங்கட்கிழமை ஏலத்தோட்டத்துக்கு ஏறுவது எங்கள் வழக்கம், உனக்குத் தெரியும். பாதி மலையில் ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. சுமையை இறக்கி வைத்து எல்லாரும் மூச்சு வாங்கும் இடம். அந்தப் பாறையில் ஆள் உயரத்துக்கு மாயக்காளைப் பற்றி எழுதியிருந்தது. மூன்று வரி, சிவப்பு எனாமல். கடைசிச் சொல்லுக்கு, நிழல் விழுந்த மாதிரி, கறுப்பில் ஷேடு. அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இந்த இன்லாந்து கவரும் நாறும்.

மாயக்காள், தோட்டத்து வரிசை வீடுகளில், என்னோடு ஒரே லயத்தில் அடுத்த அறையில் இருப்பவள். போன மாதம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் வைத்துச் சூப்பர்வைசர் ஜக்கையன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவன் அப்படி இழுத்தது அவள் ஒருத்தியை மட்டும் இல்லை. மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டோம். அவள் மறுநாள் காலையில், ஆள் எண்ணும் இடத்தில், மேனேஜர் முன்னால் சொல்லிவிட்டாள். "என்னையக் கையப் பிடிச்சு இழுத்தான் சார். இன்னொருக்கா இழுத்தா அருவாளால ஒரே போடு. அப்புறம் என்னையக் கேக்கக் கூடாது." ஜக்கையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அதற்குப் பதில்தான் இந்தப் பாறை.

அவளுடைய வீட்டுக்காரன் வீரணனும் அன்று எங்களோடு ஏறினான். எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தான். "கரியில கிறுக்கியிருந்தா எவனோ குடிகாரப் பய சோலின்னு விட்டுறலாம். இம்புட்டு லட்சணமா போர்டு கணக்கா எழுதியிருக்கான். ஒண்ணுமில்லாமயா எழுதுவான்?" என்று சொல்லிவிட்டு வந்த வழியே இறங்கிப் போனான். மாயக்காள் பின்னால் ஓடவில்லை.

மூன்று வரிக்கும் மேலே பிள்ளையார் சுழி போட்டிருந்தது, அண்ணே. கல்யாணம் ஆகும்வரை எட்டு வருஷம் உன் கடையில் நீ வெளிக்கோடு போட்ட எழுத்துக்கு உள்நிறம் நிரப்பியவள் நான். யார் எழுதியது என்று எனக்குத் தெரியும். உன் வாயால் கேட்க வேண்டும்.

ராக்கு

—

ஒச்சப்பன் ஆர்ட்ஸ்
போடிநாயக்கனூர்
21-11-1979

அன்புத் தங்கை ராக்குக்கு அண்ணன் ஒச்சப்பன் ஆசீர்வதித்து எழுதுவது.

உன் மதினிக்கு முதுகுவலி. சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டது. நீ கேட்காவிட்டாலும் சொல்லவேண்டியது என் கடமை.

கடிதத்தைப் படித்துவிட்டு அரை மணி நேரம் பிரஷ்ஷைத் தொடவில்லை. கூடப்பிறந்தவளா இப்படி எழுதுகிறாள்? இந்த ஊரில் போர்டு எழுதுகிறவர்கள் பதினொரு பேர். பிள்ளையார் சுழி போடாமல் வேலை ஆரம்பிக்கிறவன் அதில் ஒருத்தனும் இல்லை. நாலு பேர் என் எழுத்தைப் பார்த்து அப்படியே இழுக்கிறவன்கள். என் 'ழ'வை எடுத்து ஜவுளிக்கடைக்கு எழுதிவிட்டு, தன்னுடையது என்று சொல்கிறவனும் உண்டு. அதில் எவன் செய்தானோ, நான் என்ன கண்டேன்?

நான் யார் என்பதை மறந்துவிட்டாய். ஏலக்காய்க் கமிஷன் கடைகள் அத்தனைக்கும் என் போர்டுதான். மலை ஏறுகிற ஜீப்புகளில் பாதிக்கு மேல் என் எழுத்து. அப்படிப்பட்டவன் பாறையில் போய் எழுதுவானா? வடக்குப் பார்த்த பாறையில் வெயிலே படாது, எனாமல் காய இரண்டு நாள் ஆகும், பாசி வேறு. நல்ல பிரஷ் ஒன்று அதிலேயே தேய்ந்துபோகும். தொழில் தெரிந்தவன் அந்தப் பக்கமே போக மாட்டான்.

ஊர்ப் பெண்களுடைய சண்டையில் தலையிடாதே. ஜக்கையன் நல்ல மனுஷன், நமக்கு வேலை தருகிறவன். மலையில் குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன். கம்பளி வேண்டுமென்றால் எழுது, ஜீப்பில் கொடுத்து விடுகிறேன்.

ஒச்சப்பன்

—

மேல் தோட்டம்
27-11-1979

அண்ணே,

பாறை வடக்கே பார்த்திருக்கிறது என்று நான் எழுதவே இல்லை. என் கடிதம் உன்னிடம்தானே இருக்கிறது, எடுத்துப் பார்.

நேற்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நான் தனியாக இறங்கிப் போய் அந்தப் பாறை முன்னால் உட்கார்ந்தேன். வார்த்தைகளைப் படிக்கவில்லை. பிரஷ் இழுப்பை மட்டும் பார்த்தேன். எட்டு வருஷம் அதற்குள்தானே இருந்தேன். எங்கே அழுத்துவாய், எங்கே பிரஷ்ஷை விரலுக்குள் திருகி எடுப்பாய் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

முதல் வரி அவள் பேர் மட்டும்தான், அதில் உன் கை தடுமாறியிருக்கிறது. 'மா'வில் மூன்று தடவை பிரஷ்ஷை எடுத்திருக்கிறாய், ஒட்டுப் போட்டது தெரிகிறது. அதுவரை உனக்குக் கொஞ்சம் வெட்கம் இருந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது, பாவி, இன்னும் மனுஷனாகத்தான் இருக்கிறான் என்று. இரண்டாவது வரியில் ஒட்டு இல்லை, கை சூடாகிவிட்டது. மூன்றாவது வரியில் ஒரே மூச்சில் இழுத்திருக்கிறாய். சுழிகளெல்லாம் துள்ளுகின்றன. அந்தக் கடைசிச் சொல் இருக்கிறதே, அதை எழுதும்போது உனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கிறது, அண்ணே. சந்தோஷம் இல்லாமல் அந்த இழுப்பு வராது. முடித்துவிட்டு நாலு அடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்திருப்பாய். ஏதோ குறைகிறது என்று பட்டிருக்கும். கறுப்பு டப்பாவைத் திறந்து ஷேடு போட்டிருக்கிறாய்.

சீ! உன்னிடம் ஷேடு கேட்டது யார்? அசிங்கத்தை எழுதச் சொன்னான், எழுதினாய். அதை ஏன் அழகாக எழுதினாய்? வீரணன் அந்த அழகைப் பார்த்துத்தான் நம்பினான். தோட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். சர்க்கார் போர்டு மாதிரி இருக்கிறது, பொய்யாக இருக்காது என்கிறார்கள்.

மாயக்காளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நடத்தை சரியில்லையாம். லயத்து அறையை டிசம்பர் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எட்டு வயதுப் பெண்பிள்ளையோடு எங்கே போவாள்? புருஷன் வீட்டுக் கதவும் சாத்தியாகிவிட்டது. நீ ஏறி வந்து, எழுதச் சொன்னது யார் என்று மேனேஜர் முன்னால் சொன்னால் போதும். உன்னை ஒரு வார்த்தை திட்டாமல் அனுப்பி வைக்கிறேன்.

ராக்கு

—

ஒச்சப்பன் ஆர்ட்ஸ்
போடிநாயக்கனூர்
4-12-1979

தங்கை ராக்குக்கு,

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு பெயிண்டர் இருக்கிறான். அவன் கடைக்கு ஒருத்தன் வந்து, துண்டுச் சீட்டில் மூன்று வரி எழுதிக் கொடுத்து, இன்ன இடத்தில் எழுதவேண்டும் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாதையில் ஆள் நடமாட்டம் இருக்காது என்கிறான். அந்தப் பெயிண்டர் என்ன செய்வான்? வார்த்தை அவனுடையதா? சோப்பு விளம்பரம் எழுதுகிறவன் அந்தச் சோப்பைப் போட்டுக் குளித்துப் பார்த்துவிட்டா எழுதுகிறான்? லேகியத்துக்கு எழுதுகிறான், வட்டிக்கடைக்கு எழுதுகிறான், இரண்டு கட்சிக்கும் ஒரே சுவரில் எழுதுகிறான். எழுத்து அவன் கையில், பொருள் கொடுத்தவன் தலையில்.

அழகாக ஏன் எழுதினான் என்கிறாய். அவனுக்குக் கேவலமாக எழுத வராது, ராக்கு. முப்பது வருஷம் பழகிய கை. பிரஷ்ஷை வைத்தால் அது பாட்டுக்குப் போகும். ஷேடு என்பது தொழில் சுத்தம். சிவப்பு பாறையில் அமுங்கும், கறுப்புக் கொடுத்தால்தான் தூக்கும். இதற்குப் போய் சந்தோஷம் அது இது என்று என்னென்னவோ எழுதியிருக்கிறாய். இழுப்பில் மனசு தெரியும் என்றால் ஊரில் ஒரு பெயிண்டரும் வீட்டுக்கு வெளியே தலைகாட்ட முடியாது.

அந்தப் பெயிண்டருக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. ஒரு தோட்டம் கைவிட்டால் மற்றத் தோட்டங்களும் கைவிடும். இதையும் நினைத்துப் பார்.

நீ அங்கே கிடந்து குளிரில் விறைக்க வேண்டாம். கீழே வந்துவிடு. கடையில் நிறம் நிரப்ப ஆள் இல்லை. உன் அளவுக்கு ஓரம் பிசகாமல் நிரப்புகிறவர்கள் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

ஒச்சப்பன்

—

மேல் தோட்டம்
9-12-1979

அண்ணே,

அந்தப் பெயிண்டரைப் பற்றிய கதை எனக்கு வேண்டாம். அதைப் படித்தபோது சோற்றில் மயிர் கிடந்த மாதிரி இருந்தது.

மாயக்காள் கொடுத்த மனுவின் பேரில் லேபர் ஆபீஸர் வந்திருந்தார். தோட்டம் கேரள எல்லைக்குள் அல்லவா, அவர் மலையாளத்துக்காரர், தமிழ் பேசினால் புரியும், வாசிக்கத் தெரியாது. நான் முன்னால் போய், "அது எங்க அண்ணன் கை சார், எழுதச் சொன்னது இந்த ஜக்கையன்" என்று சொல்லிவிட்டேன். லயமே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஜக்கையன் போடியில் ஆயிரம் பேர் எழுதுவான் என்றான். ஆபீஸர் யோசித்துவிட்டு, "வார்த்தை எனக்கு வேண்டா. அவன் வந்து என் முன்னால் எழுதட்டே. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறேன்" என்றார்.

பதினெட்டாம் தேதி காலை உனக்கு ஜீப் வரும். நீ ஒன்றும் பேச வேண்டாம். யாரையும் காட்டிக் கொடுக்க வேண்டாம். அவர் சொல்வதை எழுதிவிட்டுப் போ, உன் கை தானாகச் சொல்லிவிடும்.

ராக்கு

—

மேல் தோட்டம்
20-12-1979

ஒச்சப்பன் அவர்களுக்கு,

அண்ணே என்று எழுத வரவில்லை.

ஸ்டோர் வாசலில் ஏலக்காய்ப் பெட்டிப் பலகையைச் சாத்தி வைத்து, முதல் வரியை, அவள் பேரை, எழுதச் சொன்னார்கள். நீ பிள்ளையார் சுழி போடவில்லை. உன் கையை மறைக்கப் போகிறாய் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. தட்டைப் பிரஷ்ஷை விட்டுவிட்டுச் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையைக் கேட்டாய். பெயிண்ட்டை வழிய வழிய முக்கினாய். 'மா' ஒரு பக்கம் சாய்ந்தது, 'க்'குக்கு மேலே வைத்த புள்ளி ஒழுகி எழுத்துக்குள் இறங்கியது. பள்ளிக்கூடம் போகாத பிள்ளை எழுதினால்கூட அதைவிட நன்றாக இருந்திருக்கும். எழுதி முடித்துவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "பாறையில எழுதுற அளவுக்கு நமக்கு எங்க சார் கை வருது" என்று சிரித்தாய். ஜக்கையனும் சிரித்தான்.

ஆபீஸர் பாறையைப் பார்த்துவிட்டு வந்தவர். பலகையை ஒரு நிமிஷம் பார்த்தார். "இது வேற ஆளாணு" என்று சொல்லி, பாறையில் எழுதியது வேறு ஆள் என்று பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கூடப்பிறந்தவன் மேலேயே பழி போட்டவள் என்று லயத்தில் என்னைக் காறித் துப்பாத குறை. மாயக்காள் மட்டும் என் பக்கத்தில் வந்து, "விடு ராக்கு, நீ பொய் சொல்லலைன்னு எனக்குத் தெரியும்" என்றாள். இன்னும் பத்து நாளில் தெருவில் நிற்கப் போகிறவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள்.

நீ ஜீப்பில் ஏறும்போது என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாய். அந்தக் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

ராக்கு

—

ஒச்சப்பன் ஆர்ட்ஸ்
போடிநாயக்கனூர்
2-1-1980

என் உயிர்த் தங்கை ராக்குக்கு,

கோபம் தணிந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். கேஸ் முடிந்துவிட்டது, பேப்பரில் கையெழுத்தும் ஆகிவிட்டது. இனி நமக்குள் ஒளிவு மறைவு வேண்டாம்.

பத்து நாளாக எனக்குத் தூக்கம் இல்லை. அன்று தோட்டத்தில் பெட்டி ஏற்ற வந்த லோடுக்காரன் ஒருத்தன், நான் பலகையில் எழுதியதைப் பார்த்துவிட்டு வந்து போடி முழுக்கச் சொல்லிவிட்டான். "என்ன மாப்ளே, கைக்கு வாதமாம்ல?" என்று டீக்கடையில் கேட்கிறான்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திறக்கிற புது ஓட்டலுக்கு, எனக்குச் சொல்லி வைத்திருந்த போர்டை உக்கிரபாண்டி பயலுக்குக் கொடுத்துவிட்டார்கள். என் 'ழ'வைத் திருடினவன் அவன்தான். ஓட்டல்காரர் என் முகத்தைப் பார்த்தே சொல்கிறார், "வயசாயிருச்சுல்ல ஒச்சப்பா, கை நடுங்கத்தான் செய்யும்" என்று.

யாரிடம் போய்ச் சொல்வேன்? நடுங்கவில்லை என்று சொன்னால், பிறகு ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்பான்கள். உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அது எவ்வளவு கஷ்டம் என்று நீதான் புரிந்துகொள்வாய். பாறையில் எழுதியபோது மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. பலகையில் எழுதிய பத்து நிமிஷத்தில் உயிர் போய் வந்தது. கோட்டை இழுத்தால் கை நேராகத்தான் போகப் பார்க்கிறது. மணிக்கட்டைப் பிடித்துப் பிடித்து அதைக் கோணலாக்கினேன். புள்ளியை ஒழுக விட்டது நீ நினைக்கிற மாதிரி தற்செயல் இல்லை, எண்ணெயைக் கூடச் சேர்த்திருந்தேன். முப்பது வருஷத்தில் அதைப்போல ஒரு வேலை நான் செய்ததில்லை. அதைப் பாராட்ட ஒரு நாதி இல்லை.

ஜக்கையன் நாலு ஜீப்புக்கு எழுத்து வேலை தருகிறேன் என்று சொல்லித்தான் பாறையில் எழுதச் சொன்னான். இப்போது கேட்டால், கை நடுங்குகிறவனிடம் கொடுத்தால் முதலாளி ஏசுவார் என்கிறான், அயோக்கியன். என் கையைப் பற்றி அவனுக்குத் தெரியாதா?

நீ ஒரு வரி எழுதினால் போதும். 'வேண்டுமென்று கெடுத்து எழுதினாய் என்று அப்போதே எனக்குத் தெரியும்' என்று. அது வந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

உன் அண்ணன்
ஒச்சப்பன்

—

மேல் தோட்டம்
14-1-1980

ஒச்சப்பன் அவர்களுக்கு,

கேட்டதை எழுதிவிடுகிறேன். வேண்டுமென்று கெடுத்து எழுதினாய் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை ஆள் எண்ணும் இடத்தில், மேனேஜர் முன்னால், ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். உன் மனக்கஷ்டம், எண்ணெய் கூடச் சேர்த்தது, ஓட்டல் போர்டு, எல்லாவற்றையும். நாலு ஜீப்பைப் பற்றிய வரியை வாசிக்கும்போது ஜக்கையன் மெல்ல நழுவப் பார்த்தான். எங்களோடு காய் எடுக்கும் மருதாயி போய் வழியில் நின்றுகொண்டாள். "முழுசும் கேட்டுட்டுப் போங்க, நல்லாத்தான் எழுதியிருக்காரு" என்றாள்.

ஆபீஸரிடம் போனால் கேஸ் முடிந்தது என்பார் என்று மேனேஜர் சொன்னார். ஜக்கையன் இருக்கும்வரை ஒருத்தியும் காய் எடுக்க மாட்டோம் என்று சொல்லிக் கூடையைக் கீழே வைத்துவிட்டோம். காய் பழுத்து உதிர்கிற நேரம். மூன்றாம் நாள் ஜக்கையனை வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயும் பெண்கள்தான் காய் எடுக்கிறார்கள், அதை நினைத்தால் வயிறு எரிகிறது. மாயக்காளுக்கு வேலையும் அறையும் திரும்பக் கிடைத்தன. வீரணனுக்கு ஆள் விட்டோம். வரவில்லை. பாறையில் இருப்பதைக் கண்ணால் பார்த்தேன், கடிதத்தில் இருப்பதைக் காதால்தானே கேட்டீர்கள் என்றானாம். உன் எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு. சந்தோஷப்பட்டுக்கொள்.

சனிக்கிழமை பதினாலு பேர் களைவெட்டியும் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு பாறைக்கு இறங்கினோம். ஷேடுதான் லேசில் போகவில்லை. கறுப்பை நன்றாக ஊட்டி அடித்திருக்கிறாய், என் நகம் இரண்டு பெயர்ந்தது. மூன்றாவது வரி போனது, இரண்டாவது போனது, பிள்ளையார் சுழியும் போனது. நான் முதல் வரியில் கை வைத்தபோது மாயக்காள் என் கையைப் பிடித்தாள்.

"அதை விடு ராக்கு. அது எம்பேரு."

"அது அவன் எழுதினது, மாயக்கா. பாக்கப் பாக்கக் கொமட்டுது எனக்கு" என்றேன்.

"எழுதினவன் எவனா இருந்தா என்ன? எங்காத்தா வச்ச பேரு. எம்பேருல ஒரு அசிங்கமும் இல்ல. நான் எதுக்கு அழிக்கணும்? ஏறுறவன் எறங்குறவன் அம்புட்டுப் பேரும் படிச்சுட்டுப் போகட்டும்."

மற்ற எல்லாவற்றையும் துடைத்துவிட்டோம். இப்போது அந்தப் பாறையில் அவள் பேர் மட்டும் தனியாக இருக்கிறது. இன்று காலை அவள் மகள் அதன் முன்னால் நின்று எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தாள். மாயக்காள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒருத்திதான் அந்தப் பாறையைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு ஏறினேன்.

எனக்கு இனிமேல் கடிதம் போடாதே. கவரின் மேல் நீ எழுதும் விலாசத்தைப் பார்க்கக்கூட என்னால் முடியவில்லை.

ராக்கு